மிக்-21 மாடலுக்கு உலோகத் தோற்றம் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: 1/48 அளவில் (நிஜத்தில் 48-இல் ஒரு பங்கு) மிக்-21எம்எஃப் என்ற சோவியத் போர் ஜெட்டின் பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்று வாங்கியிருக்கிறேன். பெட்டியில் உள்ள பச்சை-பழுப்பு நிறத்துக்குப் பதிலாக, பெயின்ட் பூசாத உலோக நிற விமானமாகச் செய்ய ஆசை. முன்பு வேறொரு ஜெட் மாடலுக்கு வெள்ளி நிற ஸ்பிரே அடித்தபோது பொம்மைபோல ஆகிவிட்டது. ஒட்டிய இடங்கள் எல்லாம் தெரிந்தன; டெக்கால்களை (நீரில் நனைத்து ஒட்டும் எண், சின்னப் படங்கள்) சுற்றி வெண்படலம் படர்ந்திருந்தது. ரெசின் என்ற பிசினில் வார்த்த காக்பிட் (விமானி அமரும் அறை) ஒன்றும் பொருத்த நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் ஒரே ஒரு விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். ‘ஏதோ ஒரு மிக்-21’ என்று தொடங்கினால் ஒவ்வொரு கட்டத்திலும் தடுமாறுவீர்கள். எண் தெளிவாகத் தெரியும் ஒரு விமானத்தின் புகைப்படங்களைப் பல கோணங்களில் சேகரித்து மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விமானத்துக்கு இது மிகவும் அவசியம். உலகெங்கும் 11,000-க்கும் மேல் தயாரிக்கப்பட்ட மிக்-21 வகைக்கு வகை மாறிக்கொண்டே வந்தது. ஆரம்பகால எஃப்-13 வகையில் காற்றுவேகம் அளக்கும் நீண்ட பிடோட் குழாய் மூக்கின் அடியில் இருக்கும். காக்பிட் மூடி முன்பக்கம் கீல் வைத்துத் திறக்கும். செங்குத்து வால் குறுகலானது. உங்கள் எம்எஃப் வகையில் குழாய் மூக்கின் மேலே. மூடி வலப்பக்கமாகத் திறக்கும். வால் அகலமானது, முதுகும் பருத்தது. எஃப்-13 விமானத்தின் எண்ணை எம்எஃப் மாடலில் ஒட்டினால், விவரம் தெரிந்தவர் தொலைவிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்.

இனி, பொம்மைத் தோற்றத்தின் காரணம். பச்சையோ சாம்பலோ பூசும்போது சிறு குறைகள் அடங்கிவிடும். உலோக நிறம் ஒவ்வொரு குறையையும் வெளிச்சம்போட்டுக் காட்டும். பிளாஸ்டிக்கில் உப்புத்தாள் விட்ட கீறல், புட்டி வைத்த இடம், காய்ந்த கைரேகை எல்லாமே மேலே வந்து நிற்கும். ஆகவே உங்கள் உழைப்பில் பெரும்பங்கு பெயின்ட் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

உடலின் இரு பாதிகளையும் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் மெல்லிய பசையால் இணையுங்கள். இணைப்பில் பசை ஊறியதும் லேசாக அழுத்தினால், உருகிய பிளாஸ்டிக் மணிபோலப் பிதுங்கி வரும். அதை அப்படியே விட்டு, நன்றாகக் காய்ந்தபின் தேய்த்தால் பெரும்பாலும் புட்டியே தேவைப்படாது. பள்ளம் மிச்சமிருந்தால் சயனோஅக்ரிலேட் பசையால் (சூப்பர் குளூ) நிரப்புங்கள். சாதாரணப் புட்டி காயும்போது சுருங்கும். பெயின்டை உறிஞ்சி மங்கலான திட்டாகவும் தெரியும். சயனோஅக்ரிலேட் பசை நாளாக நாளாகக் கல்லாக இறுகும் என்பதால், கெட்டியான சிறிது நேரத்திலேயே தேய்த்துவிடுங்கள்.

உப்புத்தாளில் 600-இல் தொடங்கி 1000, 2000 என்று படிப்படியாக ஏறி, கடைசியில் பாலிஷ் துணியால் மெருகேற்றுங்கள். எல்லாவற்றையும் தண்ணீர் தொட்டே தேயுங்கள். இடையில் ஒரு படியைத் தாண்டினாலும் அதன் கீறல் உலோக நிறத்தில் வெளிப்படும். அழிந்துபோன தகட்டு இணைப்புக் கோடுகளை ஊசிமுனையால் மீண்டும் கீறும்போது அளவு தவறக் கூடாது. இந்த அளவில் 0.2 மி.மீ. கோடு, நிஜ விமானத்தில் ஏறக்குறைய 1 செ.மீ. பிளவுக்குச் சமம். கோட்டை ஆழமாக்க ஆசைப்படாதீர்கள்.

பெயின்டுக்கு ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயின்டை மெல்லிதாகத் தெளிக்கும் கருவி) வேண்டும். இந்தத் தோற்றத்துக்குத் தூரிகை போதாது. லேக்கர் வகை உலோக நிறங்களுக்குப் பளபளப்பான கறுப்பு அடிப்பூச்சைப் பரிந்துரைப்பார்கள். அது கண்ணாடிபோல மின்னும். வெயிலிலும் மழையிலும் நின்று உழைத்த போர் விமானம் அப்படி இருக்காது. அடர் சாம்பல் அடிப்பூச்சு இன்னும் உண்மையாக இருக்கும் என்பது என் கருத்து. அதன்மேல் அலுமினிய நிறத்தை மிக மெல்லிய படலங்களாக அடியுங்கள். பிறகு சில தகடுகளை மட்டும் மறைத்து, ஒரு துளி கூடுதல் அடர்த்தியான சாயலைக் கொடுங்கள். பின்பக்கப் புகைபோக்கியைச் சுற்றி வெப்பத்தில் கருத்த உலோகச் சாயல் வேண்டும். ஒரே வெள்ளி நிறம் உடல் முழுவதும் படிந்ததுதான் உங்கள் பழைய மாடலைப் பொம்மையாக்கியது. மூக்குக் கூம்பு, வால் நுனி, சக்கரத்தின் நடுப்பகுதி ஆகியவற்றில் வரும் பச்சை நிறம் இந்த வெள்ளி நிற உடலுக்கு எவ்வளவு அழகு சேர்க்கிறது என்பதைப் பூசியதும் பார்ப்பீர்கள். மறைக்கும் டேப்பை ஒட்டுமுன் உள்ளங்கையில் ஓரிரு முறை ஒட்டி எடுத்து, பசையின் வேகத்தைக் குறையுங்கள்.

டெக்காலைச் சுற்றி வந்த வெண்படலம் உண்மையில் அதன் அடியில் சிக்கிய காற்று. ஸ்பிரேயின் சொரசொரப்பான பரப்பே அதற்குக் காரணம். இம்முறை பரப்பு வழவழப்பாக இருக்கும். டெக்காலின் நிறமற்ற ஓரத்தைக் கத்தியால் நறுக்கி, ஈரத்தோடு வைத்து, நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பஞ்சால் ஒற்றுங்கள். குமிழ் இருந்தால் ஊசியால் குத்தி, டெக்காலை இளக்கும் திரவத்தைத் தொட்டு வையுங்கள். அந்தத் திரவம் உங்கள் பெயின்டைக் கரைக்கிறதா என்று ஒரு வீண் துண்டில் சோதித்த பிறகே செய்யுங்கள்.

ரெசின் காக்பிட் நல்ல முடிவு. திறந்த மூடிக்குள் கண் முதலில் அங்கேதான் போகும். துண்டுகளைச் சோப்பு நீரில் கழுவுங்கள், அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை போகும். பிளாஸ்டிக் பசை ரெசினை ஒட்டாது. சயனோஅக்ரிலேட் அல்லது எபாக்ஸி (இரண்டு பகுதிகளைக் கலந்து பூசும் பசை) வேண்டும். ரெசின் தூசி நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசம் அணிந்து, ஈரமாகவே தேயுங்கள். உடலை மூடுமுன் பாகங்களை டேப்பால் சேர்த்து, பின் சக்கரங்கள் வரும் இடத்தில் விரலால் தாங்கிப் பாருங்கள். வால் பக்கம் சாய்ந்தால் மூக்கில் எடை வேண்டும். ஈயக் குண்டுகளை வெள்ளைப் பசையில் பதிக்காதீர்கள். ஈயம் அதனோடு வினைபுரிந்து உப்பி, காலப்போக்கில் உடலையே பிளந்துவிடும். எபாக்ஸி பாதுகாப்பானது.

காக்பிட் மூடியை மட்டும் வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். சயனோஅக்ரிலேட்டின் ஆவி கண்ணாடித் துண்டில் பனிபோலப் படிந்துவிடும். பிடோட் குழாயை எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாகப் பொருத்துங்கள். கிட்டில் வரும் பிளாஸ்டிக் குழாய் கைபட்டாலே முறியும். அதே நீளத்துக்கு மெல்லிய பித்தளைக் குழாயை வெட்டிப் பொருத்தினால் நிற்கும்.