பீரோ சாவி எங்கே இருக்கிறது? வாசகர் கேள்விகள்

அறுபதைத் தாண்டியவர்களின் பணம், பத்திரம், வீடு பற்றிய கேள்விகளுக்கு இந்தப் பக்கத்தில் பதில் எழுதுகிறேன். 34 வருடம் வங்கியில் குப்பை கொட்டியவன். வக்கீல் இல்லை. ஆகவே நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடமும் கேளுங்கள்.

கே: எனக்கு 66 வயது. கணவர் இல்லை. வீடு என் பெயரில் இருக்கிறது. மகன், "எப்படியும் எனக்குத்தானே வரப்போகிறது, இப்பவே எழுதிக் கொடுத்துடும்மா" என்கிறான். நல்ல பிள்ளைதான். மகள் கோவையில் இருக்கிறாள். என்ன செய்யட்டும்? (ஒரு வாசகி, திண்டுக்கல்)

உங்கள் மகன் நல்ல பிள்ளை என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. எழுதி வாங்கியவர்களில் பெரும்பாலோர் நல்ல பிள்ளைகளாகத்தான் இருந்தார்கள், எழுதி வாங்கும் வரைக்கும்.

நான் வேலை பார்த்த ஒரு கிளையில், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் தினமும் காலை பத்தரைக்கு வருவார். பென்ஷன் எடுக்க மாதத்தில் ஒரு நாள் போதும். அவர் மாதம் முழுக்க வந்தார். ஃபேனுக்கு நேர் கீழே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, பாஸ்புக்கைத் திறந்து திறந்து மூடுவார். வீட்டை மகன் பெயருக்கு செட்டில்மெண்ட் செய்துகொடுத்த பிறகு, பகல் வேளையில் அந்த வீட்டில் உட்கார அவருக்கு இடமில்லை என்பது எங்களுக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அடிதடி, சண்டை எதுவும் கிடையாது. யாரும் அவரைப் போகச் சொல்லவும் இல்லை.

தான செட்டில்மெண்ட் பத்திரம் பதிவானால் சொத்து அன்றைக்கே கைமாறிவிடும். மனசு மாறினால் நீங்களாகப் போய் ரத்து செய்ய முடியாது. உயில் அப்படியில்லை. வெள்ளைத் தாளில் எழுதலாம், முத்திரைத் தாள் தேவையில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்தால் நல்லது. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும். சாட்சிகளில் ஒருவர் உங்களைப் பார்க்கும் டாக்டராக இருந்தால், "அம்மாவுக்கு அப்போ நினைவு சரியில்லை" என்று பிற்பாடு யாரும் கிளம்புவது கஷ்டம். மகளுக்கு என்ன என்பதையும் அந்த உயிலிலேயே எழுதிவிடுங்கள்.

இல்லை, இப்போதே கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், பத்திரத்தில் இரண்டு விஷயங்கள் இருக்கட்டும். ஒன்று, உங்கள் ஆயுள் வரை அந்த வீட்டில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமை உங்களுக்கே. இரண்டு, மகன் உங்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை. 2007ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23வது பிரிவின்படி, இந்த நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் செல்லாது என்று அறிவிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. நம் ஊரில் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். நிபந்தனை எழுத்தில் இருந்தே ஆக வேண்டுமா என்பதில் உச்ச நீதிமன்றம் 2022ல் கறாராகவும், 2025 ஜனவரியில் கொஞ்சம் இளகியும் சொல்லியிருக்கிறது. கோர்ட் ஏறி இறங்கும் வயதா நமக்கு? நாலு வரி கூட எழுதிவிட்டால் தீர்ந்தது.

கே: ஓய்வு பெற்றதில் 22 லட்சம் வந்திருக்கிறது. வயது 60. நண்பர் ஒருவர் ஒரு பைனான்ஸில் ரெண்டு வட்டி தருவதாகச் சொல்கிறார். போடலாமா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், புதுக்கோட்டை)

ரெண்டு வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். அதை உங்களுக்குக் கொடுக்க வேண்டுமானால் அவர்கள் எத்தனை சதவீதம் சம்பாதிக்க வேண்டும்? கணக்கு வாத்தியாராக இருந்தால் போட்டுப் பாருங்கள். 1997ல் தமிழ்நாட்டில் முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது, இப்படி ஏமாந்தவர்கள் அவ்வளவு பேர் சேர்ந்துவிட்டதால்தான்.

தபால் ஆபீஸிலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 30 லட்சம் வரை போடலாம், 5 வருடம். 2023 ஏப்ரலில் வட்டியை 8.2 சதவீதம் ஆக்கினார்கள். நீங்கள் போடும் நாளில் என்ன விகிதமோ அதுவே ஐந்து வருடத்துக்கும் நிற்கும். 8.2 என்றே வைத்துக்கொண்டால், 18 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 36,900 ரூபாய் வரும். மீதி 4 லட்சத்தை எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். முழுப் பணத்தையும் பூட்டிவிட்டு, ஒரு வருடத்துக்குள் ஆபத்துக்கு உடைத்தால் வட்டியே கிடைக்காது.

நண்பர் கோபித்துக்கொள்வார், சரி. காபி வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்யுங்கள்.

கே: 73 வயதாகிறது, நன்றாகத்தான் நடமாடுகிறேன். மகன் பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி வைக்கிறேன் என்கிறான். எனக்கு அவமானமாக இருக்கிறது. (திருவாரூர்)

பஸ்ஸில் ஏறும்போது கம்பியைப் பிடிக்கிறீர்களா இல்லையா? இருபது வயதுப் பையனும் பிடிக்கிறான். வைக்கச் சொல்லுங்கள். ஆனால் டவல் மாட்டுகிற கம்பியை வாங்கி வந்து மாட்டிவிடப் போகிறான். அது உங்கள் எடையைத் தாங்காது.

கே: என் கணவருக்கு 70 வயது. எந்தக் கணக்கில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்டால், "நான் போயிடுவேன்னு பார்க்கிறியா?" என்கிறார். "நாமினியா உன் பேர்தான் போட்டிருக்கேன், அப்புறம் என்ன" என்று முடித்துவிடுகிறார். (பெயர் வேண்டாம், சேலம்)

அம்மா, உங்கள் கணவர் மாதிரி ஆள்தான் நானும். 2019ல் எனக்கு நெஞ்சு வலி வந்து ஒன்பது நாள் ஐசியூவில் கிடந்தேன். என் சேமிப்புக் கணக்கில் 6 லட்சத்துக்கு மேல் இருந்தது. நாமினி என் மனைவி. முன்பணம் 40,000 கட்டச் சொன்னார்கள். அவர் தன் கையிலிருந்த இரண்டு வளையலைக் கழற்றி அடகுக் கடையில் வைத்துவிட்டு வந்தார்.

ஏன் தெரியுமா? நாமினிக்கு வேலை நான் செத்த பிறகுதான். நான் உயிரோடு படுத்திருக்கும்வரை, அந்தக் கணக்கில் ஒரு ரூபாய் எடுக்கவும் அவருக்கு உரிமையில்லை. கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனையோ பேருக்கு இதை விளக்கியிருக்கிறேன். வீட்டில் சொல்லவில்லை. கையெழுத்துப் போட முடியாத நோயாளியிடம் பெருவிரல் ரேகையோ, கால் விரல் ரேகையோகூட வாங்கிப் பணம் தரலாம், இரண்டு சாட்சிகளில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதியே இருக்கிறது. அதுவும் அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்தபோது அந்த வெறுங்கையைப் பார்த்தேன். அதற்குமேல் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ஆகவே, சேமிப்புக் கணக்கை "இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்" என்ற முறையில் ஜாயிண்ட் கணக்காக்குங்கள். வைப்புத் தொகை ரசீதுகளையும் அப்படியே. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. முதிர்வுக்கு முன் உடைக்க இருவர் கையெழுத்தையும் கேட்பார்கள். ஒருவரே உடைக்கலாம் என்று இருவரும் சேர்ந்து முன்கூட்டியே எழுதிக் கொடுக்க முடியுமா என்று உங்கள் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். 2025 நவம்பரிலிருந்து ஒரு கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம். ஆனாலும் நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர்தான், அது யாருக்குச் சொந்தம் என்பதை உயிலோ வாரிசுரிமையோ முடிவு செய்யும்.

உங்களவரிடம் எப்படிக் கேட்பது? அவருடையதைக் கேட்காதீர்கள். உங்களுடையதை முதலில் காட்டுங்கள். நகை எங்கே, மகளிர் குழுவில் எவ்வளவு, சீட்டு எத்தனை தவணை பாக்கி என்று ஒரு நோட்டில் எழுதி, "எனக்கு ஏதாவது ஆனா நீங்க தேடக்கூடாதுன்னு எழுதி வச்சிருக்கேன்" என்று கையில் கொடுங்கள். ஆண்பிள்ளைக்கு அது உறைக்கும். மறுநாளே பேனா தேடுவார்.

எங்கள் வீட்டு நோட்டு 40 பக்கம், சிவப்பு அட்டை. கணக்கு எண்கள், முதிர்வுத் தேதிகள், இன்சூரன்ஸ் பாலிசி எண், மின் இணைப்பு எண், சொத்து வரி எண், நான் சாப்பிடும் மாத்திரைகள், லாக்கர் சாவி இருக்கும் இடம் எல்லாம் அதில் உண்டு. ஏடிஎம் ரகசிய எண் மட்டும் இல்லை, அது என் மனைவி மனசில் இருக்கிறது. நோட்டு இருக்கும் இடம் பெங்களூரில் உள்ள மகளுக்கும் தெரியும்.

கே: கணவர் ஓய்வு பெற்றதிலிருந்து நாள் முழுக்கச் சமையலறை வாசலில் நிற்கிறார். கடுகு அதிகம், தீ அதிகம் என்று ஒரே குறை. என்ன செய்வது? (மதுரை)

இதற்குப் பதில் சொல்ல எனக்கு அருகதை இல்லை என்று சொல்லி, என் மனைவி கடிதத்தை வாங்கிக்கொண்டார். அவர் சொன்னது இது: "கறிவேப்பிலை வாங்கிவர அனுப்பச் சொல்லுங்க. தினமும். ஒரு நாளைக்கு வேண்டியது மட்டும்."

ஏழு வருடமாக நானும் வாங்கி வந்துகொண்டிருக்கிறேன். ஏன் ஒரேயடியாக வாங்கக்கூடாது என்று இன்றைக்குத்தான் புரிந்தது.