கேள்வி – பதில்: எலியோடு புழுவையும் ஏன் ஆராய வேண்டும்?

கேள்வி: ஜெர்மனியில் ரக்கூன் என்ற வந்தேறி விலங்கின் மரபணுவோடு அதன் குடல்புழுவின் மரபணுவையும் ஆராய்கிறார்களாம். விலங்கை மட்டும் பார்த்தால் போதாதா? எங்கள் வயல் எலிகளில் இதைச் செய்யலாமா?
– விலங்கியல் முதுகலை மாணவி, மன்னார்குடி

பதில்: போதாது. வட அமெரிக்க விலங்கான ரக்கூனில் இரண்டு ஜோடிகளை 1934-ல் ஹெஸ்ஸே மாநிலத்தின் எடர் ஏரிப் பக்கம் விட்டார்கள். 1945-ல் பெர்லினுக்குக் கிழக்கே ஓர் உரோமப் பண்ணையில் குண்டு விழுந்து இன்னும் சில தப்பின. ஹெஸ்ஸே கூட்டத்தில் பேலிசாஸ்காரிஸ் உருண்டைப்புழு மலிந்திருக்க, கிழக்குக் கூட்டத்தில் நெடுங்காலம் அது தென்படவில்லை. தப்பி வந்த அந்தச் சில விலங்குகளின் குடலில் புழு இல்லையென்றால் அந்த வம்சமே புழுவின்றித் தொடங்கும். பின்னாளில் அங்கே புழு கிடைத்தால், எந்தப் பக்கத்து ரக்கூன் கொண்டுவந்தது என்பதை அதன் மரபணுவில் தேடலாம்.

உங்கள் வரப்பைக் குடையும் பேண்டிகோட்டா பெங்காலென்சிஸ் எலி தெற்காசியாவுக்கே உரியது; அதில் வந்தேறித் தடயம் தேட வேண்டாம். கொள்ளிடத்தின் இரு கரை எலிகளும் புழுக்களும் கலக்கின்றனவா என்று கேளுங்கள். அருமையான கேள்வி அது.

ஒரு வளையில் இருப்பது பெரும்பாலும் ஒரே குடும்பம். எனவே வளைக்கு ஓர் எலி, கரைக்கு 25–30 எலி. உடன்பிறப்புகளைச் சேர்த்தால் இல்லாத பிரிவு இருப்பதுபோல் தெரியும். சாயங்காலம் வைத்த கிட்டியை (எலிப்பொறியை) விடியலில் எடுத்துவிடுங்கள். வெயில் ஏறினால் எலியும் புழுவும் அழுகும். காதில் 2–3 மி.மீ. துண்டு வெட்டி, அதைப்போல் பத்து மடங்கு 95% எத்தனாலில் போடுங்கள். ஃபார்மலின் கூடாது, டி.என்.ஏ. சிதைந்துவிடும்.

புழுவை உப்புநீரில் கழுவி, ஒவ்வொன்றையும் தனிக் குப்பியில் போடுங்கள். பெண் புழுவை முழுதாக அரைத்தால் வயிற்று முட்டைகளிலுள்ள ஆண் புழுவின் டி.என்.ஏ.வும் கலந்துவிடும். தலை நுனியை மட்டும் வெட்டி எடுங்கள். பலரும் சறுக்கும் இடம் இது.

வேறு இனத்துக்காக வடிவமைத்த பிரைமரை (டி.என்.ஏ.வில் ஒட்டி, வேண்டிய பகுதியைப் பெருக்க உதவும் சிறு துண்டு) பயன்படுத்தினால், அது ஒட்டாத அல்லீல் (ஒரு மரபிடத்தின் மாற்று வடிவம்) கண்ணில் படாது. ஒரே ஒரு மரபிடத்தில் கலப்பிணை (இரண்டு வேறு அல்லீல்கள் சேர்ந்திருப்பது) குறைந்தால் பிரைமரைச் சந்தேகியுங்கள். எல்லா இடத்திலும் குறைந்தால், இரண்டு கூட்டத்தை ஒன்றாகச் சேர்த்திருக்கலாம், அல்லது உள்ளினச்சேர்க்கை (நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம்) இருக்கலாம்.

கையுறை கட்டாயம். எலியின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் தரும் லெப்டோஸ்பைரா கிருமி இருக்கலாம். காலில் புண்ணோடு சேற்றில் இறங்காதீர்கள். விலங்கு நெறிக்குழு அனுமதியை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.