டாப்ளரில் துடிப்பு கேட்கிறது, அசைவு குறைந்திருக்கிறது: பயப்பட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 27. முதல் குழந்தை, 34 வாரம் நடக்கிறது. குழந்தையின் இதயத் துடிப்பை வீட்டிலேயே கேட்க ஒரு டாப்ளர் கருவி வாங்கினோம். காலையில் 138 காட்டுகிறது, இரவில் 155. நேற்று ஒரு முறை 172 வந்துவிட்டது. 140-க்கு மேல் போனால் பெண் குழந்தை என்கிறார் மாமியார். இரண்டு நாளாக அசைவு குறைந்தது போல இருக்கிறது. துடிப்பு நன்றாகக் கேட்பதால் தைரியமாக இருக்கிறேன். என் அக்காவுக்குப் பிரசவ வலியின்போது 'துடிப்பு இறங்குகிறது' என்று சொல்லிச் சிசேரியன் செய்தார்கள். குழந்தை பிறந்ததும் நன்றாக அழுதது. அப்படியானால் அந்த ஆபரேஷன் தேவைதானா?

பதில்: நடுவில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்களே, இரண்டு நாளாக அசைவு குறைவு என்று, அதைப் படித்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்றே மருத்துவமனைக்குப் போங்கள் என்று உங்களுக்கு அப்போதே தகவல் அனுப்பிவிட்டேன். இங்கே எழுதுவது, இதே நிலையில் இதைப் படித்துக்கொண்டிருக்கும் மற்ற தாய்மார்களுக்கும் சேர்த்து.

வயிற்றில் உள்ள குழந்தைக்கு ஆக்ஸிஜன் குறையத் தொடங்கினால் அது முதலில் கை கால் அசைப்பதைக் குறைத்துக்கொள்ளும். இருக்கிற ஆக்ஸிஜனை மூளைக்கும் இதயத்துக்கும் மிச்சப்படுத்தும். இதயம் மட்டும் கடைசிவரை துடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே டாப்ளரில் துடிப்பு கேட்கிறது என்றால், அந்த நொடியில் குழந்தை உயிரோடு இருக்கிறது என்று மட்டுமே பொருள். நலமாக இருக்கிறது என்று பொருள் இல்லை. இந்த வேறுபாடு தெரியாமல் மூன்று நாள் வீட்டிலேயே துடிப்பு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வந்த ஒரு பெண்ணை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழகாத கையில் அந்தக் கருவி தாயின் ரத்தக்குழாய் ஓசையையோ நஞ்சுக்கொடியின் 'உஷ் உஷ்' சத்தத்தையோ பிடித்துக்கொள்ளும். பதற்றத்தில் தாயின் நாடியே 120 ஓடும்போது, அதைக் குழந்தையின் துடிப்பு என்று நினைப்பது மிக எளிது. நாங்கள் கேட்கும்போதுகூட ஒரு கையால் தாயின் மணிக்கட்டு நாடியைப் பிடித்துக்கொண்டுதான் கேட்போம்.

இப்போது உங்கள் எண்கள். இந்த மாதத்தில் 110 முதல் 160 வரை இயல்பான அடிப்படைத் துடிப்பு. 138, 155 இரண்டும் அதற்குள் அடங்கும். குழந்தை புரளும்போது சிறிது நேரம் 170-ஐத் தொட்டுவிட்டு இறங்கினால் அது நல்ல அறிகுறி. பத்து நிமிடத்துக்கு மேல் 160-க்குக் கீழே வராமல் நின்றால்தான் காரணம் தேட வேண்டும். தாய்க்குக் காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு, பனிக்குடத்தில் தொற்று என்று பல இருக்கலாம். ஆணா பெண்ணா என்பதற்கும் துடிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கர்ப்பத்தின் ஒன்பதாவது வாரத்தை ஒட்டி எல்லாக் குழந்தைகளுக்கும் துடிப்பு 170 வரை ஏறி, பிறகு மெல்ல இறங்கும். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

மருத்துவமனையில் உங்களை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டுவார்கள். ஒன்று குழந்தையின் துடிப்பையும் மற்றொன்று கர்ப்பப்பை இறுகுவதையும் பதிவு செய்யும். இதைத்தான் சி.டி.ஜி. என்கிறோம். தாள் மெதுவாக நகர, மேலே ஒரு கோடு விழும். அந்தக் கோடு ரம்பத்தின் பல்லைப் போல நெளிந்து நெளிந்து போக வேண்டும். நிமிடத்துக்கு 5 முதல் 25 துடிப்பு வரை ஏறி இறங்கும் அந்த நெளிவுதான் குழந்தையின் நரம்பு மண்டலம் விழிப்போடு இருப்பதற்கு அடையாளம். அதோடு, 15 துடிப்பு உயர்ந்து 15 நொடி நிற்கும் சிறு மேடுகளும் தெரிந்தால் எங்களுக்கு மனம் நிறையும். கோடு நேராக ஓடினால் உடனே பதற மாட்டோம்; குழந்தை தூங்கிக்கொண்டிருக்கலாம். தூக்கம் பெரும்பாலும் 20 முதல் 40 நிமிடத்தில் கலையும். அதன் பிறகும் நெளிவு வராவிட்டால் ஸ்கேன் உட்பட அடுத்த பரிசோதனைகளுக்குப் போவோம்.

உங்கள் அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். வலியின்போது துடிப்பு இறங்குவதெல்லாம் ஒரே வகை இல்லை. வலியோடு சேர்ந்து இறங்கி வலியோடு ஏறினால் பெரும்பாலும் தலை அழுந்துவதால்; கவலை இல்லை. சட்டென்று விழுந்து சட்டென்று ஏறினால் தொப்புள்கொடி நசுங்கியிருக்கலாம்; தாயைப் புரட்டிப் படுக்க வைத்தாலே பல நேரம் சரியாகிவிடும். வலி உச்சத்தைத் தாண்டிய பிறகு மெல்ல இறங்கி, தாமதமாக ஏறுவதுதான் எங்களைக் கவலைப்பட வைக்கும். அது ஒவ்வொரு வலிக்கும் திரும்ப வந்து, நெளிவும் மறைந்துவிட்டால் காத்திருக்க முடியாது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். குழந்தை நலம் என்று சொல்வதில் சி.டி.ஜி. திறமையானது, குழந்தைக்கு ஆபத்து என்று சொல்வதில் அடிக்கடி தவறும். அதனால் கோடு மோசமாக இருந்தும் நன்றாக அழுதபடி பிறக்கும் குழந்தைகள் ஏராளம். அக்கா குழந்தை அழுததை வைத்து ஆபரேஷன் வீண் என்று சொல்லிவிட முடியாது. சரியான நேரத்தில் எடுத்ததாலேயே அழுதிருக்கவும் கூடும். அந்தத் தாளைப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்வது நியாயம் இல்லை.

அதே சமயம், எந்தச் சிக்கலும் இல்லாத தாய்க்கு வலி தொடங்கியது முதல் பெல்ட்டைக் கட்டிப் படுக்கையில் போட்டுவிடும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைக்கவில்லை. தொடர் பதிவால் பிறந்த குழந்தைக்கு வலிப்பு வருவது குறைகிறது. மூளை முடக்குவாதம் குறையவில்லை, சிசேரியன் கூடுகிறது. சிக்கல் இல்லாத தாய்மார்களுக்கு, குழந்தையின் துடிப்பை 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறையும், முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒரு முறையும், குறைந்தது ஒரு முழு நிமிடம் காது கொடுத்துக் கேட்டால் போதும். ரத்த அழுத்தம், வளர்ச்சி குறைந்த குழந்தை, பச்சை நிறப் பனிக்குட நீர், முன்பு சிசேரியன், வலி வரவைக்க டிரிப்ஸ் ஏற்றுவது என்று இருந்தால் பெல்ட் அவசியம்.

போகும்போது ஸ்கேன் அறிக்கைகளையும் பரிசோதனை அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். அசைவு குறைந்தது எப்போதிலிருந்து என்று நேரத்தோடு சொல்லுங்கள். பிரசவம் நெருங்கினால் அசைவு குறையத்தான் செய்யும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அசைவின் விதம் மாறலாம், அளவு குறையக் கூடாது. இன்று எல்லாம் சரி என்று அனுப்பி, நாளை மறுநாள் மறுபடி குறைந்தால், மறுபடியும் போங்கள். இரவு இரண்டு மணியானாலும் சரி.