குற்றவாளி யார், எதிரி யார்? தில்லித் தமிழர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (மயூர் விஹாரிலிருந்து ஒரு வாசகி): ஐயா, ஊரில் நடந்த வேலித் தகராறு தொடர்பாக எனக்குச் சம்மனும் குற்றப்பத்திரிகை நகலும் வந்திருக்கின்றன. அதில் என்னை "2-ஆம் எதிரி" என்று குறித்திருக்கிறார்கள். நான் யாருக்கு எதிரி?

பதில்: யாருக்கும் இல்லை, அம்மா. குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்று எழுதுவது தமிழ்நாட்டுக் குற்றவியல் நீதிமன்ற வழக்கம். வழக்கில் எதிர்ப்பக்கம் நிற்பவர், அவ்வளவே. மலையாளத்தில் 'பிரதி' என்பார்கள். அதற்கும் எதிர் என்றே பொருள். தீர்ப்பு வரும்வரை உங்களைக் குற்றவாளி என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. தைரியமாக வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி (கரோல் பாக்): குற்றவாளி என்ற சொல் எப்படி அமைந்தது?

பதில்: குற்றம் + ஆளி. மகரம் கெட்டு, நடுவே வகர உடம்படுமெய் வந்தது. நோயாளி, கடனாளி போல, ஆளி என்றால் உடையவர். கடன் வாங்கினாரா என்றே தெரியாதவரைக் கடனாளி என்போமா? ஒருவர் பிடிபட்ட அன்றே "குற்றவாளி கைது" என்று தலைப்பிடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பெயர் அவருடைய பிள்ளைகளையும் பள்ளிக்கூடம்வரை துரத்தும்.

குற்றம் என்ற சொல் மிகப் பழையது. குறளின் 44-ஆம் அதிகாரமே குற்றங்கடிதல்தான். செருக்கு, சினம், ஈயாமை ஆகிய மனக்குறைகளைத்தான் வள்ளுவர் அங்கே குற்றம் என்கிறார்.

கேள்வி (ராமகிருஷ்ணபுரம்): இங்கே காவல் நிலையத்தில் முல்ஜிம், முஜ்ரிம் என்கிறார்களே, இரண்டும் ஒன்றா?

பதில்: இல்லை. முல்ஜிம் குற்றம் சாட்டப்பட்டவர், முஜ்ரிம் குற்றவாளி. இரண்டும் அரபியிலிருந்து வந்தவை. நாம் சொல்லும் கைதி, ஜாமீன், வக்கீல் ஆகியவற்றுக்கும் அதுவே பிறப்பிடம். செய்தித்தாளில் வரும் "மர்ம ஆசாமி"கூட அப்படித்தான். ஆசாமியின் மூலம் 'பெயர்கள்' என்று பொருள்படும் அரபுச் சொல். வரிக் கணக்கில் பெயர் பதிவான குடியானவரைக் குறித்தது, தமிழில் யாரோ ஓர் ஆள் என்றாகிவிட்டது.

கேள்வி (அதே வாசகர்): என் மகள் சிலப்பதிகாரம் பற்றிய பள்ளிக் கட்டுரையில் கோவலனைக் குற்றவாளி என்று எழுதியிருக்கிறாள். சரியா?

பதில்: தவறு. பாண்டியன் விசாரிக்காமலே கொல்லச் சொன்னான். கண்ணகி அவனைத் "தேரா மன்னா" என்று விளித்தது அதனால்தான். தேர்தல் என்றால் ஆராய்தல். சிலம்பு உடைந்து மாணிக்கப்பரல் தெறித்ததும், "யானோ அரசன் யானே கள்வன்" என்று மன்னனே ஒப்புக்கொண்டான். 'பழி சுமத்தப்பட்ட கோவலன்' என்று திருத்தச் சொல்லுங்கள்.