ஓட்டுகிற வண்டியையே வாங்கலாமா?

கேள்வி: வயது 34. உடுமலைப்பேட்டையில் முதலாளி ஒருவரின் ஐச்சர் வண்டியில் தக்காளி, காய்கறி ஏற்றி கோவைக்கும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கும் ஓட்டுகிறேன். சம்பளம், பேட்டா எல்லாம் சேர்த்து மாதம் 24,000 ரூபாய். எட்டு வருட வண்டி அது. 7.5 லட்சத்துக்கு எனக்கே தருகிறேன் என்கிறார் முதலாளி. சீட்டு எடுத்த பணம் 1.5 லட்சம் கையில் இருக்கிறது. மீதி 6 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி, நான்கு வருடம், மாதம் 17,500 டியூ என்கிறார் ஃபைனான்ஸ்காரர். சீசனில் டீசல், கூலி போக வண்டிக்கு மாதம் 45,000 நிற்கும். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி.

முதலில் அந்த 10 சதவீதத்தைப் பாருங்கள். 17,500 ரூபாயை 48 மாதம் கட்டினால் 8.4 லட்சம். அசலில் பாதியைக் கட்டி முடித்த பிறகும் முழு 6 லட்சத்துக்கே வட்டி போடுகிற ஃபிளாட் கணக்கு இது. வங்கியில் போல, குறைந்துவரும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்று கணக்கிட்டால் இது 17 சதவீதத்தைத் தாண்டுகிறது. வங்கியில் 15 சதவீதம் என்றாலே டியூ சுமார் 16,700தான். காதுக்குச் சின்னதாகக் கேட்கிற வட்டிதான் இங்கே அதிகம்.

அடுத்தது அந்த 45,000. டியூ போக 27,500. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்சி (தகுதிச் சான்று) வருடா வருடம் எடுக்க வேண்டும். இன்சூரன்ஸ், டயர், கிளட்ச், எஞ்சின் வேலை எல்லாவற்றுக்கும் மாதம் 11,000 தனியாக எடுத்து வைக்கச் சொல்வேன். மிச்சம் 16,500. நல்ல சீசனிலேயே இப்போதைய சம்பளத்தைவிடக் குறைவு! தக்காளி விலை விழுந்து, பறிகூலிக்கே கட்டாது என்று தோட்டத்தில் அப்படியே விட்டுவிடும் வாரங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். லோடு இல்லாத அந்த வாரத்திலும் டியூ தேதி வரும். கையில் இருந்த சீட்டுப் பணமோ வண்டிக்குள் போயிருக்கும். எல்லாம் கட்டி முடிக்கும்போது வண்டிக்கு வயது பன்னிரண்டு.

சொந்த வண்டி ஆசையை விடச் சொல்லவில்லை. லோடு உறுதியான பிறகு வண்டி வாங்குங்கள் என்கிறேன். தக்காளியை மட்டும் நம்பாமல், காங்கேயம் எண்ணெய் ஆலைகளுக்குத் தேங்காய், கொப்பரை, பல்லடம் பக்கம் கறிக்கோழி என்று வருடம் முழுக்க ஓடும் சரக்கைத் தேடுங்கள். ரிட்டர்ன் லோடும் பேசி வையுங்கள். காலியாகத் திரும்பும் வண்டி டீசலைத்தான் தின்னும். முடிந்தால் ஆறு மாதம் சம்பளத்துக்குப் பதில் லாபத்தில் பங்கு கேட்டு இதே வண்டியை ஓட்டிப் பாருங்கள். உண்மையான செலவு என்னவென்று உங்கள் பணத்தைப் போடாமலே தெரிந்துவிடும்.

அதுவரை 1.5 லட்சம் வங்கி டெபாசிட்டில் இருக்கட்டும். மாதாமாதம் கட்டும் ஆர்டி (தொடர் வைப்பு) கணக்கில் 5,000 போட்டால் வருடத்தில் 60,000 சேரும். பிறகு வண்டி வாங்கினாலும், மூன்று மாத டியூவும் பராமரிப்பும் சேர்த்து சுமார் 85,000 ரூபாயைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் இந்த வாரமே செய்யுங்கள். வங்கிக் கணக்கு வழியாகப் பிரதமர் விபத்துக் காப்பீடு வருடம் 20 ரூபாய், ஆயுள் காப்பீடு 436 ரூபாய். இரண்டிலும் 2 லட்சம் வரை கிடைக்கும். ரோட்டிலேயே பிழைக்கிறவருக்கு இது போதாது, ஆனாலும் இதிலிருந்தாவது தொடங்குங்கள். ஓட்டுநர் நல வாரியத்திலும் பதிந்துகொள்ளுங்கள்.

முதலாளி அவசரப்பட்டால் வேறு ஆளுக்கு விற்கட்டும், இதே மாதிரி வண்டி பிறகும் கிடைக்கும். வீட்டு நகையை அடகு வைத்து அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.