கடவுளுக்கு நன்றி சொன்னால் போதாதா, உதவிய மனிதருக்கும் சொல்ல வேண்டுமா?

"எல்லாம் கர்த்தர் செய்தது, மனிதருக்கு நன்றி சொன்னால் அவருடைய மகிமை குறையாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்போஸ்தலன் பவுலுக்கு அந்தத் தயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. வேதாகமத்தில், ரோமாபுரி விசுவாசிகளுக்கு அவர் எழுதிய கடிதமான ரோமரின் 16-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். வெறும் பெயர்ப் பட்டியல்தானே என்று நாம் வழக்கமாகத் தாண்டிவிடும் அதிகாரம் (நானும் பல வருடம் தாண்டியவன்தான்).

கெங்கிரேயா என்னும் ஊர்ச் சபையின் பெபேயாளைப் பற்றி எழுதும்போது, அவள் பலருக்கும் தனக்கும் உதவியவள் என்கிறார். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தன் உயிருக்காகக் 'கழுத்தைக் கொடுத்தவர்கள்' என்று சொல்லி, நேரடியாகவே நன்றி சொல்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது 13-ஆம் வசனம்: ரூப் என்பவரின் தாய் 'எனக்கும் தாய்'. அந்த அம்மா என்ன செய்தார் என்று ஒரு வார்த்தை இல்லை. சோறு போட்டிருக்கலாம், காய்ச்சலில் பார்த்துக்கொண்டிருக்கலாம். பெயரும் தெரியாது. ஆனால் அவ்வளவு பெரிய அப்போஸ்தலன், ஊரறிய எழுதும் கடிதத்தில், இன்னொருவர் வீட்டு அம்மாவுக்குத் தன்னைப் பிள்ளையாக்கிக்கொள்கிறார்.

தாழ்மை என்றால் 'நான் ஒன்றுமில்லை' என்று சொல்லிக்கொண்டிருப்பது என்று நினைக்கிறோம். அது சுலபம். 'இன்னார் இல்லாவிட்டால் எனக்கு முடிந்திருக்காது' என்று ஆள் பெயரைச் சொல்வதுதான் கஷ்டம்.

கர்த்தர் செய்த நன்மையைச் சபையில் சாட்சியாகச் சொல்லும்போது "கர்த்தர் ஒருவரை அனுப்பினார்" என்று முடித்துவிடுகிறோம். சரி, அனுப்பியவர் அவர்தான். வந்தவர் மூன்றாவது வரிசையில்தானே உட்கார்ந்திருக்கிறார்?