அழுதுகொண்டே ஜெபிக்கலாமா? – கேள்வி பதில்

தவக்கால வேதபாடத்தில் இந்த வருஷம் புலம்பல் சங்கீதங்களை, அதாவது வேதத்தின் சங்கீதப் புத்தகத்தில் துக்கத்தை ஆண்டவரிடம் கொட்டும் ஜெபப் பாடல்களை, படித்து வருகிறோம். அதையொட்டி வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

காட்பாடியிலிருந்து ஒரு அம்மா: மகன் போய் ஆறு மாதம் ஆகிறது. "ஏன் ஆண்டவரே" என்று வாய் திறந்தாலே, "அப்படிக் கேட்கக்கூடாது, ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்கிறார்கள். கேட்பது பாவமா அக்கா?

பாவமே இல்லைம்மா. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். சிலுவையில் இயேசுவே "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கேட்டார். அது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. பெரிய வெள்ளியன்று, சிலுவையில் அவர் பேசிய ஏழு வார்த்தைகளில் நாலாம் வார்த்தையாக வருஷா வருஷம் அதைத் தியானிக்கிறோம். அன்றைக்கு யாரும் அவரைப் பார்த்து "ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்பதில்லை! எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்யச் சொன்ன அதே அப்போஸ்தலன் பவுல்தான், தன் உடன்வேலையாள் எப்பாப்பிரோதீத்து நோயில் இறந்திருந்தால் தனக்குத் துக்கத்தின்மேல் துக்கமாகியிருக்கும் என்று பிலிப்பியருக்கு எழுதினார். உங்கள் "ஏன்" ஆண்டவரிடம்தானே போகிறது? அப்படியானால் நீங்கள் ஜெபம்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

வைத்தியத்துக்காக வேலூர் வந்து லாட்ஜில் தங்கியிருக்கும் ஒரு சகோதரி: கணவர் ஐசியூவில் இருக்கிறார். வாசலில் உட்கார்ந்தால் ஒரு வார்த்தை ஜெபம் வரவில்லை.

வராவிட்டால் பரவாயில்லை, இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். 13ஆம் சங்கீதம் ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்கிறது. முதல் இரண்டு வசனம் முழுக்க முறையீடுதான். அடுத்த இரண்டு, என்னைப் பாரும், பதில் தாரும் என்கிற வேண்டுதல். கடைசி இரண்டில்தான் நம்பிக்கை வருகிறது.

முதல் இரண்டு வசனத்தை வாசித்துவிட்டு அங்கேயே நிறுத்தி, உங்கள் விஷயத்தைச் சொல்லுங்கள். பில் கவுண்டரில் இன்றைக்கு எவ்வளவு கட்டச் சொல்வார்களோ என்கிற பயம், ஊரில் பாட்டியிடம் விட்டுவந்த பிள்ளைகள், ராத்திரி ரெண்டு மணிக்கு நோயாளி பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது வயிறு கலங்குவது, எல்லாவற்றையும் அப்படி அப்படியே சொல்லுங்கள். நல்ல ஜெபத் தமிழ் எதுவும் வேண்டாம். பிள்ளையில்லாமல் அழுத அன்னாள் உதடு மட்டும் அசையத்தான் ஜெபித்தாள். ஆசாரியன் ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான், ஆண்டவர் அப்படி நினைக்கவில்லை. ஐந்தாம் வசனம் வரை இன்றைக்கே போயாக வேண்டும் என்றும் இல்லை.

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு தம்பி: அப்பா இறந்து ரெண்டு வருஷம். 13ஆம் சங்கீதத்தின் அந்தக் கடைசி வசனங்களுக்கு என்னால் இன்னும் வர முடியவில்லையே?

88ஆம் சங்கீதத்தைப் படிங்க தம்பி. அதில் கடைசி வரைக்கும் வெளிச்சம் வராது. சிநேகிதரெல்லாம் தூரமாகிவிட்டார்கள், இருள்தான் மிச்சம் என்று சொல்லி முடிந்துவிடும். அதற்கு ஒரு நல்ல முடிவு ஒட்டவைக்க யாரும் முயலவில்லை, அப்படியே வேதத்தில் விட்டிருக்கிறார்கள். ஆனால் இரவும் பகலும் கூப்பிடுகிறேன் என்று அதன் முதல் வசனமே சொல்கிறது. நீங்களும் இந்த ரெண்டு வருஷம் கூப்பிட்டுக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? தூக்கமும் சாப்பாடும் இன்னும் சரியாக இல்லையென்றால் டாக்டரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

ஆற்காட்டிலிருந்து: எகிப்திலிருந்து வந்த வழியில், வனாந்தரத்தில் முறுமுறுத்த இஸ்ரவேலரைத் தேவன் தண்டித்தாரே?

அவர்கள் ஆண்டவருக்கு முதுகைக் காட்டி, எகிப்துக்குத் திரும்பிப் போக வேறு தலைவனைத் தேடினார்கள். அதைச் சொல்லும் அதே எண்ணாகமப் புத்தகத்தில் 11ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். இந்த ஜனத்தை என்னால் சுமக்க முடியாது, என்னைக் கொன்றுபோடும் என்று மோசே ஆண்டவரிடமே சண்டைக்கு நிற்கிறார். தண்டனை கிடைத்ததா? பாரத்தைப் பகிர்ந்துகொள்ள 70 மூப்பர்கள்தான் கிடைத்தார்கள்.

குடியாத்தத்திலிருந்து: எங்கள் வீட்டுச் சாவில் பெரியம்மாக்கள் ஒப்பாரி வைத்தபோது, "கிறிஸ்தவ வீட்டில் இதெல்லாம் கூடாது" என்று நிறுத்திவிட்டார்கள். சரியா?

எனக்குச் சரியாகப் படவில்லை. எரேமியா 9ஆம் அதிகாரத்தில் புலம்பற்காரிகளை வரவழைக்கச் சொல்வதே கர்த்தர்தான். தாய்மார் தங்கள் மகள்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்கவும் சொல்கிறார். சவுல் ராஜாவும் அவர் மகன் யோனத்தானும் செத்தபோது தாவீது பாடியது வேறென்ன? செத்தவரின் நல்ல குணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற நம் பெரியம்மாக்களை ஸ்பீக்கரில் பாட்டு போட்டு அடக்குவது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. நம்பிக்கை இல்லாதவர்களைப் போல துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் சொன்னார். துக்கிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆம்பூரிலிருந்து: தோழி வீட்டில் சாவு. போய் என்ன சொல்வது?

ஒன்றும் சொல்லாதீர்கள். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்த பிறகுதான் வம்பு. எல்லாம் முடிந்தபின், என்னைப் பற்றி யோபு பேசியதுதான் சரி, நீங்கள் பேசியது சரியில்லை என்று அவர்களைத்தான் ஆண்டவர் கடிந்துகொண்டார். அடக்கத்தன்று கூட்டம் இருக்கும். நீங்கள் அடுத்த வாரம் சாம்பாரும் பொரியலும் எடுத்துக்கொண்டு இன்னொரு தடவை போங்கள். அவர் பேசினால் கேளுங்கள்.